கோத்தகிரிக்குச் சாப்பிடத் தனியாகப் போன கதை

போன பிப்ரவரியில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் கையில் இருந்தது. வீட்டில் யாருக்கும் லீவு ஒத்துவரவில்லை. சரி, தனியாகவே போய் வரலாம் என்று திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்குக் கிளம்பினேன். சுற்றிப் பார்க்கிற எண்ணம் எனக்கு அவ்வளவாக இல்லை. சாப்பிடத்தான் போனேன். எங்கள் பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸில் முன்பு நீலகிரியின் படுகர் சமூகத்துப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். அவள் ஊருக்குப் போய்விட்டு வரும் திங்கட்கிழமைகளில் டிபன் பாக்ஸில் அவரைக்கொட்டை போட்ட குழம்பு இருக்கும். "அவரெ உதக்க" என்பாள். கூடவே ராகிக் களி மாதிரி உருண்டையாக ஹிட்டு. அந்தக் குழம்பின் வாசனை எங்கள் பக்கத்து எந்த மசாலாவிலும் வராது. அவள் கல்யாணமாகி வெளிநாடு போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தச் சாப்பாட்டை அதன் ஊரிலேயே போய் ஒரு தடவை சாப்பிட வேண்டும் என்பது எனக்கு நிஜமான ஆசை.

இப்போது கோத்தகிரி வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. ஊட்டி நெரிசலுக்குப் பயந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். புதிது புதிதாகக் கஃபேக்கள், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் தங்கும் வீடுகள், "பாரம்பரிய உணவு" என்ற போர்டுகள். என் போனில் ஒரு மாதமாக இந்த ஊர் ரீல்ஸ்தான் வந்து கொட்டியது. அதில் பதினைந்தைச் சேமித்து வைத்து, அதை நம்பித்தான் போனேன். அங்கே எனக்கு நடந்ததை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி முப்பத்து சொச்சம் கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்களுக்கு. அரசு பஸ்ஸில் போனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் தண்ணீர் பாட்டில் விஷயம் எல்லோருக்கும் பொது. கடையில் விற்கும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் மலையில் தடை. என் பக்கத்து சீட்டுக்காரர் கீழே வாங்கிய இரண்டு பாட்டிலைக் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போய்விடுங்கள். தண்ணீரை அங்கங்கே இருக்கும் வாட்டர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்ளலாம்.

முதல் அடி அன்று மதியமே விழுந்தது. ஊரிலிருந்து தள்ளி ஒரு வீட்டில் "முழு படுகர் விருந்து, வாழை இலையில்" என்று விளம்பரம் பார்த்து, இரண்டு வாரம் முன்னாலேயே ஒரு சாப்பாட்டுக்கு ரூ.1,500 ஜிபே செய்திருந்தேன். பணம் வந்துவிட்டது என்று பதிலும் போட்டார்கள். அறையில் பையை வைத்துவிட்டு, ரூ.350 கொடுத்து ஆட்டோ பிடித்து, ஒரு மணிக்குப் போய் நின்றேன். வாசலிலேயே ஒருவர், "நீங்க ஒருத்தர்தானா? நாலு பேருக்குக் குறைஞ்சா நாங்க சமைக்கிறதில்லையே" என்றார். புக் செய்யும்போது சொல்லவில்லையே என்றேன். அது பொதுவாக எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த தடவை வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். பசியோடு, வெயிலில், ஊர் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அதே ஆட்டோவில் இன்னொரு ரூ.350 கொடுத்துத் திரும்பினேன். வழியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பணம் போனதைவிட, "ஒருத்தர்தானா" என்று கேட்ட விதம்தான் அன்றைக்கு ரொம்ப வலித்தது.

தனியாகப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மலையில் வீட்டுச் சாப்பாடு என்று விற்பது பெரும்பாலும் கும்பலாக வருகிறவர்களுக்குப் போடும் கணக்கு. ஒரு ஆளுக்காக அவரையை ஊறவைத்து, மாவு கிளறி, கோழி அடித்துச் சமைப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது என்பது எனக்கும் புரிகிறது. அதனால் பணம் போடும் முன் போனில் பேசி, "நான் ஒரு ஆள், எனக்கு மட்டும் சமைப்பீர்களா, என்னென்ன இருக்கும், வரமுடியாமல் போனால் பணம் என்னாகும்" என்று மூன்றையும் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிப் போடாதீர்கள். முதல் நாள் சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டு உறுதி செய்யாமல் ஆட்டோ ஏறாதீர்கள். நான் முன்னால் அவர்களிடம் கேட்டதெல்லாம் வழி மட்டும்தான்.

ஊருக்குள் திரும்பி வரும்போது மணி இரண்டேமுக்கால். மெஸ்களில் சாப்பாடு தீர்ந்திருந்தது. இங்கே விடிவதற்கு முன்பே டீக்கடை திறந்துவிடுகிறது, மதியச் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, இரவு எட்டு மணிக்கெல்லாம் கடைத்தெரு அடங்கிவிடுகிறது. தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் நேரம்தான் ஊரின் நேரம். திருப்பூர் மாதிரி பத்து மணிக்கு புரோட்டா கிடைக்கும் என்று நினைத்தால் பட்டினிதான்.

அன்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் வர்க்கி. மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன பேக்கரியில் விறகு அடுப்பிலிருந்து அப்போதுதான் தட்டை இழுத்துக் கொட்டினார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கி இதுதான், மலை முழுக்கச் செய்கிறார்கள். கையில் எடுத்தால் சூடு, மேலே மொறுமொறு, விண்டால் அடுக்கடுக்காகப் பிரிகிறது, உள்ளே நடு அடுக்கில் மட்டும் கொஞ்சம் மெதுவு. டீயில் முக்கி எடுத்தால் நுனி மட்டும் ஊறி, பின்பக்கம் பல்லில் உடைகிறது. நான் அதுவரை திருப்பூரில் பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிட்டதெல்லாம் டால்டா வாசனை அடிக்கும் பழைய சரக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. வாங்குகிறவர்கள் டூரிஸ்ட் இடத்துக் கடையில் தொங்கும் பாக்கெட்டை விட்டுவிட்டு, அடுப்பு இருக்கும் பேக்கரியாகப் பார்த்து, ஒன்றை உடைத்துச் சத்தம் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போடவேண்டும், இல்லாவிட்டால் இரண்டே நாளில் நமத்துவிடும்.

அங்கேயே இன்னும் நாலு வர்க்கி தின்றுவிட்டு அறைக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் படுகர் சாப்பாடு கிடைக்காத ஏக்கம் மனதில் இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு ரீல்ஸில் பார்த்த ஒரு புதிய கஃபேக்குப் போனேன். வெளியூர்க்காரர்கள் நடத்துவது. "மலைத் தட்டு" என்று ஒன்று, ரூ.480. மண் சட்டியில் சிவப்பு பீன்ஸ் குழம்பு, சின்னதாக ஒரு ராகி உருண்டை, கீரை, ஊறுகாய். பார்க்க அழகாக இருந்தது. முதல் வாயிலேயே பீன்ஸ் வேகவில்லை என்று தெரிந்துவிட்டது. தோல் மட்டும் சுருங்கி, உள்ளே கடித்தால் வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி நரநரவென்று இருந்தது. பச்சை வாடையும் அடித்தது. கேட்டதற்கு, இது மெதுவாகச் சமைப்பது, கடிபட இருந்தால்தான் சுவை என்றார் பரிமாறிய பையன். மதியம் வேறு சாப்பிடவில்லை, பணமும் கொடுத்தாயிற்று. பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டேன். வேகவில்லை என்று நாக்கு சொன்ன பிறகும் சாப்பிட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

எட்டரைக்கு வாந்தி தொடங்கியது. பத்து மணிக்குள் ஆறு ஏழு தடவை. அப்புறம் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. நான் தங்கியிருந்தது ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளித் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு தனி வீடு. பார்த்துக்கொள்ளும் தம்பி ராத்திரி கீழே அவர்கள் ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, போய்விடுவார். அறைக்குள் போன் சிக்னல் இல்லை, வாசலைத் தாண்டி வேலி ஓரம் போனால்தான் கிடைக்கும். சாயங்காலம் போகும்போதே அந்தத் தம்பி, "இருட்டினா வெளிய வராதீங்கக்கா, கரடி நடமாட்டம் இருக்கு, காட்டெருமையும் வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அது சும்மா பயமுறுத்தல் கிடையாது. கோத்தகிரிப் பக்கம் கரடி குடியிருப்புக்குள் வருவது அடிக்கடி நடப்பதுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வேலி வரைக்கும் ஒரே கருப்பு. கதவைத் திறக்கத் தைரியம் வரவில்லை. குளிர் வேறு. பாத்ரூம் தரையில் கம்பளியைப் போட்டு உட்கார்ந்துகொண்டே விடியும் வரை இருந்தேன். ஒரு நேரத்தில் கை விரல்கள் மரத்துப்போயின. எனக்கு இங்கே ஏதாவது ஆனால் காலை வரைக்கும் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வந்தபோது ரொம்பப் பயந்துவிட்டேன்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, டீக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்களைக் கொட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். உப்பு இல்லை. எல்லோரும் பையில் நாலு ஓஆர்எஸ் பொட்டலம் போட்டுக்கொள்ளுங்கள், விலை ஒன்றுமே இல்லை. அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, மடக்கு மடக்காகக் குடிக்கவேண்டும். மடமடவென்று குடித்தால் அதுவும் வெளியே வந்துவிடும். தனியாகத் தங்குகிறவர்கள் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக உங்கள் போனில் சிக்னல் எந்த மூலையில் வருகிறது என்று பாருங்கள். ராத்திரி வளாகத்துக்குள் யார் இருப்பார்கள், ஆபத்துக்கு வரும் ஆட்டோக்காரர் நம்பர் எது என்று பகல் வெளிச்சத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 108க்குக் கூப்பிடவும் சிக்னல் வேண்டுமே.

விடிந்ததும் அந்தத் தம்பி வந்து என்னைப் பார்த்துப் பதறிப்போய், ஆட்டோ வரவழைத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு. சிவப்பு பீன்ஸ், பாதி வெந்தது, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் வாந்தி என்றதும் அவர் தலையாட்டினார். சிவப்பு பீன்ஸ் எனும் ராஜ்மாவில் லெக்டின் என்ற ஒரு புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதிக்க வேகவைத்தால் அது அழிந்துவிடும். வேகாமல் சாப்பிட்டால் நாலைந்து விதையே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கிவிடும். மெல்லிய சூட்டில் ரொம்ப நேரம் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. உங்களுக்குப் பெரும்பாலும் அதுதான் என்றார். எனக்கு நாற்பத்து மூன்று வயது, இருபது வருடமாகச் சமைக்கிறேன், இது தெரியாது.

அன்று மதியம் அறையில் படுத்திருந்தபோது அந்தத் தம்பியின் அம்மா ஒரு தூக்கில் சாமைக் கஞ்சி கொண்டுவந்தார். தம்பி அவரை "அவ்வெ" (அம்மா) என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பீன்ஸ் கதையைக் கேட்டதும் அவ்வெக்குக் கோபமே வந்துவிட்டது. "இந்தக் குளிர் ஊர்ல சும்மா சட்டியில வெச்சா எந்தப் பயறு வேகும்? ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, வேற தண்ணி ஊத்தி, குக்கர்ல எட்டு விசில் விடணும்மா. கீழ இருந்து வர்றவங்களுக்கு அது தெரியாது" என்றார். அவர் சொன்னதன் காரணம் எளிது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. திருப்பூரில் முக்கால் மணியில் வேகிற பயறு, இங்கே திறந்த பாத்திரத்தில் அதே நேரத்தில் வேகாது. அதனால் மலையில் எங்கே சாப்பிட்டாலும் பயறு, கொண்டைக்கடலை, பீன்ஸ் எது வந்தாலும் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக நசுங்கவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கியிருக்கவேண்டும். எழுந்து நின்றாலே தலை சுற்றியது, அந்த வளைவுகளில் பஸ் ஏற முடியாது. இன்னொரு ராத்திரிக்கு ரூ.1,800 கொடுத்துத் தங்கினேன். திங்கட்கிழமை சம்பளமும் போயிற்று. விருந்துக்குப் போன ரூ.1,500, அதற்கான ஆட்டோ ரூ.700, தட்டு ரூ.480, ஆஸ்பத்திரி ஆட்டோ ரூ.350, கூடுதல் அறை ரூ.1,800, ஆக ரூ.4,830. நான் சாப்பாட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்ததே ரூ.4,000தான்.

திங்கள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு ஆறு மணிக்கே வந்துவிட்டேன். பக்கத்துச் சந்தில் ஒரு டீக்கடை. போர்டு கிடையாது, எந்த ரீலிலும் வராது. தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பத்துப் பேர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த ரொட்டி, கல்லில் கருகல் புள்ளிகள் விழுந்திருந்தது. அதன் மேல் ஒரு கரண்டி சம்பல். தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், கொஞ்சம் எலுமிச்சை எல்லாம் உரலில் இடித்தது. கூட பிளேன்டீ. காரம் எனக்கு இப்போது ஆகாது என்று சொன்னதும் கடைக்கார அம்மா ரொட்டியைப் பிய்த்துப் பிளேன்டீயில் தொட்டுக்கொள்ளச் சொன்னார். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து திரும்பிய குடும்பங்களில் நிறையப் பேர் நீலகிரியில்தான் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயை வளர்த்தார்கள். அந்தக் குடும்பங்களோடு வந்ததுதான் இந்த ரொட்டியும் சம்பலும். நான் தேடிப்போன படுகர் சாப்பாட்டைப் போலவே இதுவும் இந்த ஊரின் சாப்பாடு, ஆனால் "கோத்தகிரியில் என்ன சாப்பிடலாம்" என்று தேடினால் எங்கேயும் வராது. இரண்டு ரொட்டி, டீ, நாற்பது ரூபாய். பாதி ரொட்டிதான் உள்ளே போனது. மீதியைப் பேப்பரில் சுற்றி மேட்டுப்பாளையம் வரைக்கும் மடியில் வைத்திருந்தேன்.

ஏப்ரலில் திரும்பவும் போனேன். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். இந்தத் தடவை ரீல்ஸ் எதையும் பார்க்கவில்லை. ஊருக்குள் நடக்கிற தூரத்தில் அறை எடுத்தேன். காலை ஆறு மணிக்கு அந்த டீக்கடை, பன்னிரண்டரைக்கு மார்க்கெட் பக்கம் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் மெஸ், நாலு மணிக்கு பேக்கரி என்று ஊரின் நேரத்துக்கு என் வயிற்றை மாற்றிக்கொண்டேன். சாமையும் தேனும் கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் கடையில் வாங்கினேன். குறும்பர், இருளர் பழங்குடியினர் எடுக்கும் மலைத்தேன் அங்கே நம்பி வாங்கலாம். ஒவ்வொரு இடத்திலும் கூகுளைக் கேட்காமல் ஆட்டோ ஸ்டாண்டில், "நீங்க மத்தியானம் எங்கண்ணே சாப்பிடுவீங்க" என்று கேட்டேன். கேட்ட இடமெல்லாம் நல்ல சாப்பாடு கிடைத்தது.

போவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தத் தம்பிக்குப் போன் செய்து, அவ்வெ கையால் ஒரு நாள் சாப்பிட முடியுமா, என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "சனிக்கிழமை வரச் சொன்னாங்க, காசு பேச்சு எடுத்தா வரவே வேணாம்னு சொல்றாங்க" என்றார். அதனால் கம்பெனியிலிருந்து பேரப்பிள்ளைகளுக்கு ஆறு பனியன் எடுத்துப் போனேன், வயது கேட்டு அளவு பார்த்து. அவரையை முந்தின நாளே ஊறப்போட்டிருந்தார். உருளைக்கிழங்கு சேர்த்து, வீட்டில் அரைத்த மாசு ஹுடி என்ற மசாலாப் பொடி போட்ட குழம்பு. ஹிட்டு உருண்டையின் நடுவில் கட்டை விரலால் ஒரு குழி செய்து, அதில் குழம்பை ஊற்றி என் பக்கம் தள்ளினார். நான் பழக்கத்தில் ஒரு அவரையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். அவ்வெ அதைக் கவனித்துவிட்டு, "நல்லா வெந்திருக்கும்மா, சாப்பிடு" என்றார். வாசனை அதே டிபன் பாக்ஸ் வாசனை. இரண்டாவது உருண்டையும் வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மாசு ஹுடி கொடுத்தார். சின்னப் பையன் பனியனைப் போட்டுக்கொண்டு வாசல்வரை ஓடி வந்தான், அளவு சரியாக இருந்தது.